வேகாத ஈரல்

தென்காசி
8-5-1931

மேலகரம் ஜாஹிரா பீவிக்கு, உன் அண்ணன் பெண்டாட்டி பாத்திமுத்து எழுதுவது. ஸலாம் சொல்வது கடமை, சொல்லிவிட்டேன். சுகம் விசாரிப்பது கடமையில்லை. அதனால் விசாரிக்கவில்லை.

உனக்கு வாசிக்கத் தெரியாது. பக்கத்து வீட்டு முத்துராமலிங்கம் வாத்தியார்தான் இதை வாசித்துக் காட்டப் போகிறார். வாத்தியாரய்யா, எழுதியதை எழுதியபடி வாசியுங்கள். அவள் மனசு நோகுமே என்று ஒரு சொல்லைக்கூட விழுங்க வேண்டாம். நோகத்தான் எழுதுகிறேன்.

ஹஜ்ஜுப் பெருநாளன்று, தெருவெல்லாம் கறிப் பங்கு போய்க்கொண்டிருந்த நேரத்தில், என் வாசலில் ஒரு வண்டி வந்து நின்றது. என் மகள் ராபியா இறங்கினாள். பெருநாளுக்கு நான் எடுத்துக் கொடுத்த சேலையில் ஆட்டு ரத்தம் காய்ந்திருந்தது. பெட்டி இல்லை, மாற்றுத்துணி இல்லை. வண்டிக்காரன், அந்தக் கடற்கரைப் பயல்தான், மாட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "அம்மா, மேலகரத்து அம்மா சொல்லிவிட்டாவ. ஒங்க மவ புருசனுக்கு மருந்து வச்சிட்டாளாம். இனிமே அங்கன வரப்படாதாம்." அவன் குரல் உனக்குத் தெரியும். தெருக்கோடியில் நின்றவளுக்கும் கேட்டிருக்கும்.

மருந்து! புருஷனைப் பெற்றவளிடமிருந்து பிரித்து முந்தானையில் முடிந்துகொள்ளச் சோற்றில் வைக்கிற மருந்து. அதை என் மகள் வைத்தாளாம்.

நடந்ததை அவளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். உன் மகன் மசூது பெருநாள் தொழுகை முடித்துப் பள்ளியிலிருந்து வந்தான், ஆடு அறுத்தார்கள். காலையிலிருந்து ஒன்றும் தின்னாத வாய், குர்பானி ஈரலைத்தான் முதலில் தின்ன வேண்டும் என்பது நம் வழக்கம். ராபியா தட்டில் வைத்துக் கொடுத்தாள். தின்றவன் மத்தியான லுஹர் பாங்குக்கு முன்னால் தொண்டை அரிக்கிறது என்றான். தும்மலுக்கு மேல் தும்மல். முகம் வீங்கிக் கண் இடுங்கி, பேச்சு நின்றுவிட்டது. அவள் செம்பில் தண்ணீர் கொண்டு ஓடினாள். நீ செம்பைத் தட்டிவிட்டு, "இதுல என்னத்தட்டீ கலக்கிக் கொண்டாந்தே?" என்று கேட்டாய். உன் அண்ணன் மகளைக் கேட்டாய். உன் மடியில் உட்கார வைத்துக் காது குத்திய பிள்ளையைக் கேட்டாய்.

ஜாஹிரா, என் கல்யாணத்தன்று நெய்ச்சோற்றில் உப்பில்லை என்று நீ சபையில் சொன்னாய். அப்போது நீ பாவாடை கட்டிய குட்டி. அதையே நான் இன்னும் மறக்கவில்லை. நான் பேரன் பேத்தி எடுத்துவிட்டேன், ஆனாலும் மறக்கவில்லை. இதை மறப்பேனா? எந்த வாயால் சொன்னாயோ அந்த வாயால் திரும்ப எடு.

மகளைப் பெற்றவள்,
பாத்திமுத்து


மேலகரம்
13-5-1931

மரியாதைக்குரிய மதினி பாத்திமுத்து அவர்கள் சமூகத்துக்கு, ஜாஹிரா பீவி அநேக ஸலாம் கூறி எழுதிக்கொண்டது. இவ்விடம் யாவரும் சுகம் என்று எழுதுவதுதான் முறை என்கிறார் வாத்தியார். இவ்விடம் யாரும் சுகமில்லை.

எனக்கு இருப்பது ஒரே மகன். அவன் என் கண் முன்னால் கழுத்தைப் பிடித்துக்கொண்டு பாயில் புரண்டான். மதினி, அதே ஆட்டின் கறியைத்தான் மத்தியானம் நாங்கள் எல்லோரும் குழம்பில் தின்றோம். குழம்பில் ஈரலும் கிடந்தது. வேலைக்காரி தின்றாள், வாசலில் வந்த பக்கீர் தின்றார். ஒருவருக்கும் ஒரு தும்மல்கூட இல்லை. அவள் கையால் தனியாக வாங்கித் தின்றவனுக்கு மட்டும் தொண்டை அடைத்தது. இதற்கு நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

மறுநாள் சுரண்டையிலிருந்து மருந்து எடுக்கிற தங்கபுஷ்பத்தை வரவழைத்தேன். பச்சிலைச் சாறு கொடுத்து வாந்தி எடுக்க வைத்தாள். கறுப்பாக ஒரு கட்டி விழுந்தது. அதிலே தலைமுடி சுற்றியிருந்தது. என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். "வச்சவ பக்கத்துலயே இருக்கா, ஈரல்ல வச்சிருக்கா" என்றாள். நான் ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை.

காரணம் இல்லாமல் நான் பேசவில்லை. பெருநாளுக்கு முந்தின வாரம், தென்காசியிலே தனியாகக் கடை போட்டு அங்கேயே இருக்கலாம் என்று ராபியா அவனிடம் சொன்னதை என் காதால் கேட்டேன். அவன் அம்மாவை விட்டு வர மாட்டேன் என்றான். வராதவனை வரவழைக்க என்ன செய்வார்கள்?

முஹர்ரம் பத்து கழியட்டும். ஜமாஅத்தில் பேசுவோம். மசூதைத் தலாக் சொல்லச் சொல்வேன். அண்ணன் மகள் என்பதால்தான் இத்தனை நாள் பொறுத்தேன்.

ஜாஹிரா பீவி

(அம்மா, கோபத்தில் இவர்கள் சொன்ன சில வார்த்தைகளை நான் எழுதவில்லை. மன்னிக்கவும். - முத்துராமலிங்கம், ஆசிரியர்)


தென்காசி
18-5-1931

ஜாஹிராவுக்கு,

வாத்தியாரய்யா, நீங்கள் எழுதாமல் விட்ட வார்த்தைகளை அடுத்த தபாலில் தனித்தாளில் எழுதி அனுப்புங்கள். எனக்கு அவை வேண்டும். வைத்திருப்பேன்.

தங்கபுஷ்பம் காட்டிய கட்டி எனக்குத் தெரிந்த கட்டிதான். என் மூத்த மகள் மாமனார் வீட்டிலும் அவள் வந்து எடுத்தாள். அதே கறுப்பு, அதே முடி. வெற்றிலையோடு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு வருகிறவளுக்கு வாந்திச் சட்டியில் துப்பத் தெரியாதா? அந்த முடியையாவது பார்த்தாயா? நரைமுடியா கருமுடியா?

இனி நான் சொல்வதைக் கேள். ராபியா மாமியாரைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று வாயை இறுக்கிக்கொண்டிருந்தாள். தலாக் என்ற சொல்லை நான் வாசித்ததும்தான் வாய் திறந்தாள். ஈரலைக் கம்பியில் குத்திக் கனலில் வைத்தது அவள். நிறம் மாறும் முன்னே அடுப்படிக்கு வந்தது நீ. "எம்புள்ள நேத்தும் நோன்பு, இன்னிக்கும் பட்டினி. சூடு காட்டுனா போதும், எடுட்டி." அவள், "மாமி, உள்ள ரத்தமா இருக்கு" என்றாள். "ரத்தந்தாம்ட்டி பலம். ஒங்க வீட்டுக் கரிக்கட்டையெல்லாம் எம்மவன் திங்கமாட்டான்" என்று சொல்லிக் கம்பியை நீயே எடுத்தாய். நீயே உருவினாய். அவள் கையில் இருந்தது தட்டு மட்டும். உண்டா இல்லையா? குர்ஆன் மேல் கை வைத்துச் சொல்.

பச்சையாக ஒரு பண்டத்தைத் தின்னக் கொடுத்துவிட்டு, தட்டு ஏந்தினவள் மேல் பழி போட்டாய்.

இன்னொன்று. நோன்புப் பெருநாளைக்கு நான் வந்தபோது, உன் குர்பானி ஆட்டுக்குப் போட்ட புல்லின் மேல் ஒரு செவலை நாய் படுத்துக்கொண்டு தும்மிக்கொண்டே இருந்தது. விரட்டு என்றேன். "திருடனுக்குக் காவல் மதினி, கிடந்துட்டுப் போவுது" என்றாய். அறுக்கிற போதெல்லாம் குடலையும் கழிவையும் அதற்குத்தான் வீசுகிறாய். உன் வீட்டுச் சுத்தம் அது. என் மகளிடம் அழுக்குத் தேடுகிறாய்.

நீ பேசிய பேச்சு இங்கே என்ன செய்திருக்கிறது என்று தெரிந்துகொள். அடுத்த வீட்டில் பிள்ளைக்குப் பெயர் வைத்தார்கள். நாலு பேரோடு பழகினால் மனசு ஆறும் என்று ராபியாவை அழைத்துப் போனேன். அவள் சர்பத் தட்டை எடுத்துக்கொண்டு பெண்கள் பக்கம் போனாள். ஒருத்திக்குச் சளியாம். ஒருத்திக்கு நோன்பாம், காலையில் அவள் வீட்டுப் புட்டு வாசம் என் அடுப்படி வரைக்கும் வந்தது. ஒரு டம்ளர் குறையவில்லை. ராபியா தட்டைக் கீழே வைத்தாள். ஒரு டம்ளரை எடுத்து, அத்தனை பேரும் பார்க்கத் தானே குடித்தாள். பிறகு வீட்டுக்கு வந்து படுத்தவள் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

அவள் கையால் இனி யாரும் தண்ணீர் வாங்க மாட்டார்கள் என்றால் அவள் எப்படி வாழ்வாள்? தலாக் வேண்டுமானால் சொல்லச் சொல். மருந்து வைத்தவள் என்ற பேரோடு சொல்ல விடமாட்டேன். ஜமாஅத்தில் நானும் வந்து நிற்பேன். திரைக்குப் பின்னால் நின்றாலும் என் குரல் முன்னால் கேட்கும்.

எதையும் மறக்காத,
பாத்திமுத்து


மேலகரம்
12-6-1931

மதினி அவர்களுக்கு ஜாஹிரா ஸலாம்.

ஜமாஅத்தில் இன்னும் பேசவில்லை. நீங்கள் மிரட்டியதற்குப் பயந்து அல்ல. மசூதை அழைத்துக்கொண்டு போக முடியவில்லை.

வீக்கம் வடிந்துவிட்டது. குரல் பாதி வந்திருக்கிறது, தகரத்தை உரசுகிற மாதிரி. ஆனால் இடது மூக்கில் நிற்காமல் ரத்தம் கசிகிறது. காலையில் எழுந்தால் நெற்றியைப் பிடித்துக்கொண்டு குனிந்தபடியே இருக்கிறான். உள்ளே ஏதோ ஊர்கிறது என்கிறான். சாரல் விழ ஆரம்பித்துவிட்டது, குற்றாலத்தில் கூட்டம் கூடுகிறது. துண்டுக் கடையைத் திறக்க வேண்டியவன் மூக்கில் துணி அடைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறான்.

செங்கோட்டைக்கு அப்பால் ஒரு தங்ஙள் பெரியவரிடம் போய் ஓதிக் கயிறு கட்டி வந்தோம். நிற்கவில்லை. தங்கபுஷ்பம் மறுபடி வந்து பார்த்தாள். பாதிதான் வெளியே வந்ததாம். மிச்சத்தை வைத்தவளால்தான் எடுக்க முடியுமாம்.

ஈரலைக் கனலிலிருந்து எடுத்தது நான்தான். இல்லை என்று சொல்லவில்லை. எங்கள் வீட்டில் எப்போதும் அப்படித்தான் தின்பார்கள். என் வாப்பா தின்றார், என் அண்ணனும் தின்றார். சூடு குறைந்தால் தொண்டை அடைக்கும் என்று எந்த ஊரில் கண்டீர்கள்? பேச்சை மாற்ற வேண்டாம்.

மதினி, நான் கேட்பது இது ஒன்றுதான். மாற்று மருந்தை ராபியாவிடம் வாங்கிக் கொடுத்தனுப்புங்கள். கொடுத்தால் ஜமாஅத்துக்குப் போக மாட்டேன், யாரிடமும் சொல்லவும் மாட்டேன். தலாக்கையும் சத்தமில்லாமல் முடித்துக்கொள்ளலாம். வேறு ஒரு நல்ல இடத்தில் அவளைக் கட்டிக் கொடுங்கள், நானே வந்து துஆ செய்கிறேன். என் பிள்ளையை மட்டும் விட்டுவிடச் சொல்லுங்கள்.

அவளைப் பற்றி அவன் ஒன்றும் பேசுவதில்லை.

ஜாஹிரா பீவி


தென்காசி
16-6-1931

ஜாஹிரா,

உன் கடிதத்தை ராபியாவுக்கு வாசித்துக் காட்டினேன். மாற்று மருந்து என்ற இடம் வந்ததும் சிரித்தாள். பெருநாளுக்குப் பிறகு அவள் சிரித்தது அப்போதுதான். அந்தச் சிரிப்பைக் கேட்டிருந்தால் நீ காதைப் பொத்திக்கொண்டிருப்பாய்.

வைக்காத மருந்துக்கு மாற்று மருந்து எந்தக் கடையில் விற்கிறது? நான் ஒரு பொட்டலம் திருநீற்றுப் பச்சிலையை மடித்துக் கொடுத்தனுப்புகிறேன் என்று வைத்துக்கொள். அவனுக்குத் தன்னால் சரியாகிவிட்டால், "பார், வைத்தவள் எடுத்தாள்" என்பாய். சரியாகாவிட்டால், "பார், எடுக்க மாட்டேன் என்கிறாள்" என்பாய். கிணற்றுக்கு இந்தப் பக்கமும் நீ, அந்தப் பக்கமும் நீ. நடுவில் விழ என் மகளா கிடைத்தாள்?

அவன் ஒன்றும் பேசுவதில்லை என்று எழுதியிருக்கிறாய். அதற்கு ராபியா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அவுகளுக்குத் தொண்டைதானம்மா அடைச்சிருந்துச்சு. தலை ஆடும்லா? மாமி என்னைய வண்டியில ஏத்தயில, இல்லைன்னு ஒரு தடவை தலைய ஆட்டியிருக்கலாம்லா?" இதை உன் மகன் உட்கார்ந்திருக்கும்போது வாத்தியாரை வாசிக்கச் சொல். சுவரைப் பார்த்தபடியே கேட்கட்டும்.

இதோ பார். இத்தனை வருஷம் உன்னிடம் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். உன் அண்ணன் துல்கர்னைன் மூச்சு முட்டிக் கிடந்தபோது, டாக்டரைக் கூப்பிட ஆள் அனுப்பினேன். வாசலில் மறித்தவள் நீ. "வெள்ளைக்காரன் மருந்துல சாராயம் இருக்கு, எங்க அண்ணன் வாயில படக்கூடாது, ஓதுன தண்ணி போதும்" என்றாய். போன ஆள் திரும்பினான். விடியும் முன் அவர் மௌத்தானார். பெட்டி தூக்கும்போது உன் அழுகைதான் பெரிதாகக் கேட்டது. அன்றைக்கு என் வாயில் வந்ததை நான் விழுங்கிவிட்டேன். விழுங்கியது இன்னும் செரிக்கவில்லை.

மறுபடியும் ஓதின கயிற்றைக் கட்டிக்கொண்டு உட்காராதே. சாரல் காலத்தில் குற்றாலத்தில் பங்களாவுக்கு ஒரு டாக்டர் வந்து இறங்கியிருப்பார். அருவிக்குப் போகும் வழியில் யாரைக் கேட்டாலும் கை காட்டுவார்கள். மகனை அங்கே கொண்டு போ. அவன் நன்றாக இருக்க வேண்டும் என்பதற்காகச் சொல்லவில்லை. செத்துப்போனால் நீ சொன்னது பொய் என்று யாரிடம் நிரூபிப்பேன்?

பாத்திமுத்து


மேலகரம்
6-7-1931

மதினிக்கு,

அண்ணன் மௌத்தைப் பற்றி எழுதிய இடத்தில் வாத்தியார் நிறுத்திவிட்டார். வாசியுங்கள் என்றேன். வாசித்தார். மசூதும் கேட்டுக்கொண்டிருந்தான். மறுநாள் எழுந்து குற்றாலத்துக்குப் போய்க் கடையைத் திறந்தான்.

நடந்ததை எழுதச் சொல்கிறேன். போன வெள்ளிக்கிழமை அருவியில் தண்ணீர் அளவாக விழுந்தது. தலைவலி தாங்காமல் தலையை நீட்டி நின்றிருக்கிறான். மூக்கில் தண்ணீர் ஏறித் தும்மல் வந்தது. நிற்காத தும்மல். கடைக்கு ஓடிவந்து ஒரு புதுத் துண்டை எடுத்து முகத்தில் பொத்தினான். எடுத்துப் பார்த்தால் ரத்தத்தோடு ஒன்று விழுந்து கிடந்தது. வெள்ளைத் துண்டில் வெள்ளையாக, சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் நீளம். ஒரு பக்கம் அகலம், ஒரு பக்கம் சிறுத்தது. சின்னப் பிள்ளையின் நாக்கை அறுத்துப் போட்ட மாதிரி தட்டை. மேலெல்லாம் வளையம் வளையமாக வரி. அது நெளிந்தது, மதினி. உயிரோடு நெளிந்தது.

நான் அப்போது அவனுக்குச் சோறு கொண்டு போயிருந்தேன். இருவருமாகத் துண்டோடு எடுத்துக்கொண்டு, பங்களாவில் சீசனுக்கு வந்திருக்கும் ஏசுவடியான் டாக்டரிடம் ஓடினோம். அவர் அதைக் கண்ணாடிக் குப்பியில் சாராயத்தில் போட்டார். பூதக்கண்ணாடி வைத்து என்னையும் பார்க்கச் சொன்னார். வாயைச் சுற்றிக் கொக்கி கொக்கியாக நாலு. அதைக் கொண்டுதான் உள்ளே கவ்விக்கொண்டு கிடந்ததாம்.

அதற்குப் பெயர் நாக்குப் புழுவாம். நாயின் மூக்குக்குள் குடியிருக்குமாம். நாய் தும்மினால் முட்டை புல்லில் விழும். ஆடு அந்தப் புல்லைத் தின்னும். குஞ்சு ஆட்டின் ஈரலில் போய் உட்காரும். அந்த ஈரலை நாய் தின்றால் மறுபடியும் நாயின் மூக்குக்கு ஏறும். மனிதன் வேகாமல் தின்றால், நாய்தான் தின்கிறது என்று நினைத்துக்கொண்டு அவன் தொண்டைக்கும் மூக்குக்கும் ஏறுமாம். அதனால்தான் முதல்நாள் வீக்கமும் தும்மலும். குழம்பில் கிடந்தவை கொதியில் செத்துவிட்டன, அதனால் எங்களுக்கு ஒன்றுமில்லை. முந்தின சண்டையில் டாக்டர் துருக்கிச் சீமைப் பக்கம் பட்டாளத்தோடு போயிருந்தாராம். அங்கே பச்சை ஈரல் தின்கிறவர்களுக்கு இப்படி வந்து பார்த்திருக்கிறார். இந்தப் பக்கத்தில் பார்ப்பது இதுதான் முதல்தடவை என்றார்.

ஆடு கட்டிய இடத்தில் நாய் உண்டா என்று கேட்டார். உண்டு என்றேன். ஈரலை நன்றாகச் சுடாமல் எடுத்தது யார் என்று அவர் கேட்கவில்லை. மசூது என்னைப் பார்த்தான்.

அன்றோடு ரத்தம் நின்றுவிட்டது. அவன் தலை நிமிர்ந்து நடக்கிறான். மருந்து எதுவும் யாரும் வைக்கவில்லை என்று டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார். ஆகவே ராபியாவை அனுப்பி வைக்கவும். சீசன் நேரம், கடைக்கும் வீட்டுக்கும் ஆள் போதவில்லை.

ஜாஹிரா பீவி


தென்காசி
9-7-1931

ஜாஹிரா,

வாத்தியாரய்யா, அந்த 'ஆகவே' உங்களுடையதா, அவளுடையதா? உங்களுடையது என்றால் பிள்ளைகளுக்கு இலக்கணம் சொல்லிக் கொடுப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அவளுடையது என்றால் நான் கேட்கிறேன். ஆகவேயாம். இரவல் கொடுத்த உரலையா திருப்பிக் கேட்கிறாய்? ஆள் போதவில்லையென்றால் தங்கபுஷ்பத்தைக் கூப்பிட்டு உட்கார வை, அவள் துண்டு விற்பாள்.

இத்தனை நீளக் கடிதத்தில் நாயின் மூக்கைப் பற்றி எழுதியிருக்கிறாய், ஆட்டின் ஈரலைப் பற்றி எழுதியிருக்கிறாய், புழுவின் வாயில் எத்தனை கொக்கி என்று எழுதியிருக்கிறாய். உன் வாயைப் பற்றி ஒரு வரி இல்லை. தப்பு செய்தேன் என்று ஒரு வரி இல்லை. கொக்கி வைத்த நாக்கை டாக்டர் குப்பியில் போட்டுவிட்டார். கொக்கி இல்லாமலே கவ்வுகிற நாக்கு இன்னும் மேலகரத்தில் திரிகிறது.

உன் மகன் தின்றதைப் பார்த்து அந்தப் புழுவே நாய் என்று நினைத்துவிட்டது. பெற்றவள் ஊட்டிய அழகு அப்படி.

கோபத்தில் எழுதிவிட்டேன். அந்த வரியை அடிக்க மாட்டேன், இருக்கட்டும்.

ராபியாவிடம் கேட்டேன், போகிறாயா என்று. அவள் சொன்னாள்: "கூட்டிட்டுப் போவ யாரும் வர வேணாம். மொதல்ல திங்க வரட்டும்." எனக்கு முதலில் புரியவில்லை. விளக்கமாகச் சொன்னாள். என் கோபத்தைவிட அவள் கோபம் தெளிவாக இருக்கிறது.

உன் மகன் தென்காசிப் பள்ளிக்கு வந்து, வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்ததும் எழுந்து நிற்க வேண்டும். என் பெண்டாட்டி எனக்கு மருந்து வைக்கவில்லை, வேகாத ஈரலைத் தின்றதால் வந்த நோய் என்று அத்தனை பேர் கேட்கச் சொல்ல வேண்டும். அன்றைக்குக் குரல் இல்லை. இப்போது இருக்கிறதே.

நீ என் வீட்டுக்கு வர வேண்டும். சர்பத்தைத் தொடாத அத்தனை பெண்களையும் நான் கூப்பிட்டு வைத்திருப்பேன். ராபியா ஈரல் சுட்டுக் கொண்டு வருவாள். அவர்கள் முன்னால் அவள் கையால் வாங்கி நீ தின்ன வேண்டும்.

இது அவள் சொன்னது. என்னைக் கேட்டிருந்தால் உன்னை இன்னும் கொஞ்சம் நடக்க விட்டிருப்பேன்.

பாத்திமுத்து


மேலகரம்
18-7-1931

மதினிக்கு,

இது இரண்டாவது தாள். உங்கள் தெருப் பெண்கள் முன்னால் உட்கார்ந்து பரீட்சைக்காரி மாதிரி தின்ன மாட்டேன், நான் யார் மகள் தெரியுமா என்றெல்லாம் முதல் தாளில் எழுதச் சொன்னேன். வாத்தியார் எழுதி முடித்து, வாசித்துக் காட்டினார். என் பேச்சு எனக்கே கேட்கச் சகிக்கவில்லை. கிழிக்கச் சொன்னேன்.

மசூது நேற்று என்னிடம் சொல்லாமல் தென்காசிக்கு வந்து பேசிவிட்டுப் போனதை நீங்கள் அறிந்திருப்பீர்கள். எனக்குக் கடற்கரை சொல்லித்தான் தெரியும். குரல் நடுவில் உடைந்து போச்சாம், திரும்பவும் முதலிலிருந்து சொன்னானாம். ராத்திரி வீட்டுக்கு வந்தவனிடம் கேட்டேன். "தலைய ஆட்டாததுக்கு இதும்மா" என்றான்.

செவலை நாயை விரட்டிவிட்டேன். மறுபடி மறுபடி வருகிறது. கல் எடுத்தால் போகிறது.

நான் ராபியாவின் செம்பைத் தட்டிவிட்டது உண்மை. கம்பியை எடுத்தது நான், பழியை அவள் மேல் போட்டது நான். அவன் கழுத்தைப் பிடித்துக்கொண்டு விழுந்ததும், இதை நான்தான் செய்தேனோ என்று ஒரு நொடி தோன்றியது. அந்த நொடியைத் தாங்க முடியாமல் அவளைப் பார்த்துக் கத்திவிட்டேன். இதை எழுத வாத்தியார் தயங்கினார். எழுதுங்கள் என்றேன்.

வருகிற ஞாயிறு இல்லை, அடுத்த ஞாயிறு வருகிறேன். ஒன்று மட்டும் கேட்கிறேன், வந்த இடத்தில் கேட்க எனக்கு வாய் வராது. அன்றைக்கு டாக்டர் வந்திருந்தால் அண்ணன் பிழைத்திருப்பாரா?

ஜாஹிரா


தென்காசி
30-7-1931

ஜாஹிராவுக்கு ஸலாம். உன் மூட்டுவலி எப்படி இருக்கிறது? படியேறும்போது பார்த்தேன், காலைத் தேய்த்துத் தேய்த்து வைத்தாய். கேட்டது கடமைக்காகத்தான்.

நீ வந்தபோது நான் உன்னோடு பேசவில்லை. பேசினால் சண்டையாகும், ராபியாவின் காரியம் கெடும் என்று சும்மா இருந்தேன். நீ போன பிறகு நடந்தது உனக்குத் தெரியாது, அதற்காக எழுதுகிறேன்.

அவள் வேண்டுமென்றேதான் அந்த ஈரலைக் கரியாக்கினாள். நான் அடுப்படியில் நின்று, "போதும்ட்டி, செருப்புத்தோல் மாதிரி ஆயிட்டு" என்றேன். "இருக்கட்டும்மா, மெல்லட்டும்" என்றாள். கடைவாய்ப் பல் இல்லாத வாயோடு நீ அதை இந்தக் கன்னத்துக்கும் அந்தக் கன்னத்துக்கும் மாற்றிக்கொண்டிருந்தபோது, அந்தக் கூட்டம் முழுக்க உன் தாடையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. துப்பிவிடுவாய் என்று நினைத்தேன். நீ விழுங்கினாய். தட்டை நீட்டி, "இன்னும் ரெண்டு வையிட்டி" என்றாய். அதை ராபியா எதிர்பார்க்கவில்லை. ரெண்டு துண்டை எடுத்து உன் தட்டில் வைத்தாள்.

நீ வண்டியேறிப் போனதும், அன்றைக்கு நோன்பு என்று சொன்னாளே, அந்தப் புட்டுக்காரி எழுந்தாள். "ராபியா, தொண்டை வறளுது, கொஞ்சம் தண்ணி குடு தாயி" என்றாள். ராபியா உடனே கொடுக்கவில்லை. அவளை நிற்க வைத்துவிட்டு, சட்டி பானையெல்லாம் கழுவிக் கவிழ்த்தாள். அப்புறம்தான் மொண்டு கொடுத்தாள். அவள் முழுச் செம்பையும் குடித்தாள். என் பிள்ளை அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். நான் உள்ளே போகவில்லை. அழட்டும் என்று இருந்தேன்.

இனி காரியம். அவள் வருவாள். மசூதே வந்து அழைக்க வேண்டும். கடற்கரை வண்டியையே கொண்டு வரச் சொல். பெருநாளன்று நிறுத்திய அதே இடத்தில் நிறுத்தி, "மேலகரத்து அம்மா மருமவளக் கூட்டியாரச் சொன்னாவ" என்று, அன்றைக்குக் கத்திய அதே குரலில் கத்த வேண்டும். முனகினால் திருப்பி அனுப்பிவிடுவேன். சீசன் முடிந்ததும் தென்காசியில் கடை போடுவதா வேண்டாமா என்பதை அவர்கள் இருவரும் பேசிக்கொள்ளட்டும். நீ சுவருக்குப் பின்னால் நின்று கேட்காதே.

அண்ணன் பிழைத்திருப்பாரா என்று கேட்டாய். எனக்குத் தெரியாது, ஜாஹிரா. அதை நினைத்து நான் தூங்காமல் கிடந்திருக்கிறேன். இனி நீயும் கிட. நான் ஒருத்தியே அதைச் சுமந்தது போதும்.

மன்னித்துவிட்டேன் என்று எழுத மாட்டேன். பொய் எழுதிப் பழக்கமில்லை. வாத்தியார் எழுதாமல் விட்ட வார்த்தைகள்கூட இன்னும் எனக்கு வந்து சேரவில்லை.

அடுத்த ஹஜ்ஜுப் பெருநாளைக்கு உன் வீட்டு ஈரலை நான் வந்து சுடுவேன். ஆட்டை உள்முற்றத்தில் கட்டு, நாய் அண்டக் கூடாது. நான் சுட்டு முடிக்கிற வரைக்கும் நீ கனல் பக்கம் தலை காட்டக் கூடாது. எத்தனை நேரம் ஆனாலும் உன் மகன் பட்டினியோடு காத்திருக்க வேண்டும். முதல் துண்டு உனக்கு. தின்றுவிட்டு, உப்பில்லை என்று சொல்லிப் பார்.

பாத்திமுத்து